பண்டிதருக்கு வாய்த்தது

பெரியதாழையில் நோவை யாரும் மெல்லச் சொல்ல மாட்டார்கள். அலைக்கும் எஞ்சினுக்கும் மேலே குரலை ஏற்றிப் பேசிப் பழகிய ஊர். மூலத் தொந்தரவைக்கூட நாலு வீட்டுக்குக் கேட்கத்தான் சொல்வார்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நான் லீவுக்கு வந்தால், பையை இறக்கி வைக்கும் முன்பே திண்ணையில் ஆள் உட்கார்ந்திருக்கும். "இந்த இடந்தான் மக்கா, நல்லா அமுக்கிப் பாரு" என்று சட்டையைத் தூக்குகிற மாமா. கருவாடு காயப்போட்ட கையோடு வந்து நாக்கை நீட்டுகிற பெரியம்மை. கண்ணோரத்துச் சதை வளர்ந்து கருவிழியைத் தொடப்போகிற தாத்தா. வெயிலிலும் உப்புக்காற்றிலும் ஆயுசைக் கழித்தவர்களுக்கு வருகிற சதை அது. இரண்டாம் வருஷ மாணவனுக்கு என்ன தெரியும் என்று அவர்களில் ஒருவரும் யோசித்ததில்லை. கை வைத்துப் பார்த்தால் போதும்.

அந்தக் கையை நான் வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது சென்னையில் இருக்கிறேன். பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள், இரண்டொரு இசைக்குழுக்கள்: இவர்களுடைய தேதி, ரயில் டிக்கெட், விசா, ஒப்பந்தம், சம்பளம், மைக், சண்டை, சமாதானம் எல்லாம் என் பொறுப்பு. கார்டில் 'ஆர்ட்டிஸ்ட் மேனேஜ்மென்ட்' என்று போட்டிருக்கிறேன். ஊரில் 'பாட்டுக்காரங்களுக்கு ஏசெண்டு' என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் தப்பில்லை, வேலை அதுதான்.

ஊரைத் தெரியாதவர்களுக்கு: தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையின் தென்கோடி பெரியதாழை. மணப்பாட்டைத் தாண்டி வர வேண்டும். இன்னும் தெற்கே போனால் கூடுதாழை, உவரி. அது நெல்லை மாவட்டம். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பனங்காடும் செம்மணல் தேரியும். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டித் தமிழில் ஜெபம் சொல்லிக்கொடுத்த முத்துக்குளித்துறைக் கரை இது. முத்துச் சலாபம் 1961ஓடு நின்றுபோனது. மீன் நிற்கவில்லை. கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தபோது தூண்டில் வளைவு கேட்டு ஊர் வருஷக்கணக்கில் கத்தியது. இப்போது பாறாங்கற்கள் கடலுக்குள் நீட்டிக்கொண்டு கிடக்கின்றன.

அந்தக் கரையில் மருத்துவம் பார்க்கிறவனுக்குக் கல்லூரிப் பாடம் பாதிதான் உதவும். திருக்கை முள் காலில் பாய்ந்தால் ஆள் போடுகிற சத்தம் கோயில் மணிக்கு மேலே கேட்கும். அதன் விஷம் புரதம். சூடு பட்டால் சிதைந்துவிடும். தோல் வெந்துவிடாமல், பொறுக்கிற சூட்டில், சுமார் 45 டிகிரிக்குள் வெந்நீர் எடுத்துக் காலை அதில் வைத்திருந்தால் அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் வலி இறங்கும். முள் உள்ளே ஒடிந்து கிடக்கிறதா என்று பார்ப்பது, டெட்டனஸ் ஊசி, எல்லாம் அதற்குப் பிறகு. பாடப்புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே ஊர்ப் பெண்கள் இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு டிகிரிக் கணக்கு கிடையாது. முழங்கையை விட்டுப் பார்ப்பார்கள். தூண்டில் முள் விரலில் ஏறினால் வந்த வழியே இழுக்கக் கூடாது, கொக்கி சதையைக் கிழித்துவிடும். மரத்துப்போக ஊசி போட்டு, முனையை முன்பக்கமாகத் தள்ளி வெளியே எடுத்து, கொக்கியை நறுக்கிவிட்டுத்தான் தண்டைப் பின்னால் உருவ வேண்டும். மோசமான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற இளம் பாடகரை வெளியே எடுப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

வைத்தியத்துக்குக் கூலி மீனாக வரும். விடியற்காலை யாரோ கதவருகில் ஓலைப்பெட்டியை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். திறந்தால் விளமீன், சில நாள் சீலா. யார் வைத்தது என்று அம்மாவுக்குப் பெட்டியைப் பார்த்தாலே தெரியும். இப்போது எனக்கு வருகிற கமிஷன் வங்கிக் கணக்கில் விழுகிறது. செல்போன் ஒரு சத்தம் கொடுக்கும், அவ்வளவுதான்.

எது போயிற்று என்று யோசித்தால் சத்தங்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. ருமாட்டிக் காய்ச்சலில் இதய வால்வு சுருங்கிப்போன பெண்ணை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, ஸ்டெத்தின் மணிப்பக்கத்தை அழுத்தாமல் வைத்து, மூச்சை விட்டு நிறுத்தச் சொன்னால், இரண்டு துடிப்புக்கு நடுவில் தாழ்ந்த உறுமல் ஒன்று கேட்கும். கேட்டுப் பழகாதவனுக்கு அது கேட்கவே கேட்காது. எங்கள் பேராசிரியர் ஒருவர் எங்களை வரிசையில் நிறுத்தி, "கேட்டுதா?" என்று ஒவ்வொருவராகக் கேட்பார். எல்லாரும் தலையாட்டுவோம். அவருக்கு யார் பொய் சொல்கிறான் என்று தெரியும். உண்மையிலேயே அது காதில் விழுந்த நாளில் எனக்கு வந்த சந்தோஷம், அதற்குப் பிறகு எந்தக் கச்சேரியிலும் வரவில்லை. நல்ல பாடகர்களை மேடையோரம் நின்று எத்தனையோ இரவு கேட்டிருக்கிறேன். ஆனாலும் அந்த உறுமல் எனக்கு மட்டும் கேட்டது. கேட்டதால் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது செய்ய முடிந்தது.

மருத்துவத்துக்கும் காதுக்கும் உள்ள உறவு பழையது. வியன்னாவில் லியோபோல்ட் ஆவன்புருக்கர் என்ற வைத்தியர், மார்பை விரலால் தட்டி அதன் ஒலியைக் கொண்டு உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று அறியும் முறையை 1761இல் எழுதி வெளியிட்டார். விடுதி நடத்தியவரின் மகன். பீப்பாயைத் தட்டி மிச்சம் எவ்வளவு என்று அப்பா பார்ப்பதைச் சின்ன வயதில் கண்டவர் என்று சொல்வார்கள். அதே மனிதர் சாலியேரியின் ஓப்பரா ஒன்றுக்கு உரைநூல் எழுதிக்கொடுத்தார். அவர் மகள்கள் இருவரும் பியானோவில் தேர்ந்தவர்கள். ஹைடன் சில சொனாட்டாக்களை அவர்களுக்குக் காணிக்கையாக்கினார். 1816இல் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு வைத்தியர் லேனக் புல்லாங்குழல் வாசிப்பவர். முதலில் ஒரு காகிதச் சுருளை நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார்; பிறகு மரத்தைக் கடைந்து குழாய் செய்துகொண்டார். இந்தக் கதைகளை நான் கலைஞர்களிடம் சொன்னால் ரசித்துக் கேட்பார்கள். கேட்டுவிட்டு, "சார், அந்த துபாய் தேதி உறுதியாயிடுச்சா?" என்பார்கள்.

பாட்டு வேலை எனக்குத் திருவிழாக் கமிட்டியில் தொடங்கியது. கொடியேற்றத்திலிருந்து தேர் வரை ஊர் தூங்காது. அதில் ஓர் இரவு மெல்லிசைக் கச்சேரி. படித்த பையன் பேசினால் ரேட் குறையும் என்று என்னை அனுப்புவார்கள். நாகர்கோவில் பேண்டு, தூத்துக்குடி ஆர்க்கெஸ்ட்ரா, யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ், ஜெனரேட்டர் யார் கணக்கு, வேனில் எத்தனை பேர், சைவம் சாப்பிடுகிறவர் எத்தனை பேர். சாமியார் எத்தனை மணிக்குப் பிறகு சினிமாப் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொள்வார் என்பதையும் விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். மேடையில் கீபோர்டு உயிர்பெற்று, மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற மொத்த ஊரும் நிமிர்கிற அந்த நொடியில், மேடைக்குப் பின்னால் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். பாட வராது, வாசிக்க வராது. ஆனாலும் இந்த ராத்திரியை நடத்துவது நான் என்று ஒரு மிதப்பு இருந்தது. அந்த மிதப்புத்தான் பிற்பாடு தொழிலாயிற்று.

நடுவில் ஒரு பெருநகரத்தில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தேன். மாதக் கடைசியில் மீட்டிங். எந்த டாக்டர் எத்தனை ஸ்கேன் எழுதினார், எத்தனை பேரை அட்மிஷன் போட்டார் என்று திரையில் வரைபடம் ஓடும். என் கோடு எப்போதும் கீழேதான். இதைப் பற்றி நிறையச் சொல்ல விருப்பமில்லை. அந்தச் சமயத்தில் மிருதங்கம் வாசிக்கிற நண்பர் ஒருவரின் வெளிநாட்டுப் பயணத்தை ஒழுங்கு செய்து கொடுத்தேன். அவர் இன்னொருவரிடம் சொன்னார். அவர் வேறொருவரிடம் சொன்னார். ஒரு கட்டத்தில் இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியாமல் போயிற்று. எது நின்றது என்பது உங்களுக்குத் தெரியும்.

'மனசுக்குப் பிடித்ததைத் தேடிப் போனார்' என்று இப்படிப்பட்ட கதைகளைப் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அவற்றைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். பிடித்ததைத் தேடிப் போகிறவனுக்கு வாடகையை யார் கொடுத்தார்கள் என்று அந்தக் கட்டுரைகளில் இருக்காது. அரசுக் கல்லூரியில் ஒரு சீட்டு ஒருவனுக்குக் கிடைத்தது, அது வேறொருவனுக்குக் கிடைக்கவில்லை என்பதும் இருக்காது. இந்த இரண்டு கேள்விக்கும் பதிலை வாழ்ந்தே காட்டிய ஒரு மனிதரைப் பற்றிப் பிற்பாடுதான் விரிவாகப் படித்தேன். அவரும் நம்ம சீமைக்காரர்.

ஆபிரகாம் பண்டிதர். 1859இல் தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்தார். ஆசிரியப் பயிற்சிக்குத் திண்டுக்கல் போனவர், அங்கே சடையாண்டிப் பத்தரிடம் வயலின் கற்றுக்கொண்டார். சுருளி மலையில் கருணானந்தர் என்ற முனிவரைச் சந்தித்து மூலிகை வைத்தியத்தின் ரகசியங்களைப் பெற்றார் என்பது அவர் வாழ்க்கை வரலாற்றில் தவறாமல் வருகிற கட்டம். தஞ்சாவூருக்கு வந்து பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தார், மனைவியும் ஆசிரியை. 1890இல் அந்த வேலையை விட்டுவிட்டு முழுநேர சித்த வைத்தியரானார். ஆக, அவரும் ஒருமுறை தொழில் மாறியவர்தான். ஆனால் மாறியது வைத்தியத்துக்குள், வைத்தியத்திலிருந்து இல்லை.

அவருடைய கோரோசனை மாத்திரைக்கு இந்தியா முழுக்க, பர்மா, இலங்கை வரை வாடிக்கை இருந்தது. தஞ்சைக்கு வெளியே தோட்டம் போட்டு மூலிகை வளர்த்தார், கரும்பில் புது வகைகளைப் பயிரிட்டார். அரசாங்கம் 1909இல் ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது. சென்னை கவர்னர் ஆர்தர் லாலியின் பெயரால் மின்சாரத்தில் ஓடும் அச்சகம் ஒன்றை நிறுவினார். இதையெல்லாம் வைத்துக்கொண்டு மனிதர் என்ன செய்தார் என்றால், தமிழிசையின் கணக்கைத் தீர்த்துப் பார்த்துவிடுவது என்று இறங்கினார். ஒரு ஸ்தாயியில் சுருதி எத்தனை? 22 என்று வழிவழியாகச் சொல்லிவந்தார்கள். அவர் 24 என்றார். சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் புரட்டி, கணிதம் போட்டு, வாதத்துக்கு ஆள் கூப்பிட்டார்.

கூப்பிட்டது எப்படி என்பதில்தான் என் தொழில் வருகிறது. தஞ்சாவூரில் 'சங்கீத வித்தியா மகாஜன சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார். முதல் மாநாடு 1912 மே 27. 1916க்குள் ஏழு மாநாடுகள். வித்துவான்களின் போக்குவரத்து, தங்கல், சாப்பாடு எல்லாம் அவர் செலவு. சென்னையில் மியூசிக் அகாடமி பிறப்பதற்கு ஏறக்குறைய பதினைந்து வருஷம் முன்னால், சபா, ஸ்பான்சர் என்ற பேச்செல்லாம் வருமுன், ஒரு வைத்தியர் தன் மாத்திரைக் காசில் சங்கீத மாநாடு நடத்தினார். 1916இல் பரோடாவில் அகில இந்திய சங்கீத மாநாடு கூடியபோது அங்கேயும் போய்த் தன் கட்சியை எடுத்துவைத்தார்; குடும்பத்துப் பெண்கள் வீணையோடு பாடிக் காட்டினார்கள். அடுத்த வருஷம், 1917இல், தன் அச்சகத்திலேயே 'கருணாமிர்த சாகர'த்தை வெளியிட்டார். இரண்டு வருஷத்தில் காலமானார்.

ஏழு மாநாடு என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். என் தொழிலில் இருக்கிறவனுக்கு அந்த வரி வேறு மாதிரித் தெரியும். எந்த வித்துவான் எந்த வித்துவானோடு ஒரே அறையில் தங்க மாட்டார்? யாருக்குச் சமையல் தனியாக வேண்டும்? யார் பேச்சை எத்தனை மணிக்கு நிறுத்துவது, நிறுத்தினால் யார் கோபித்துக்கொண்டு ரயிலேறுவார்? செல்போன் இல்லாத காலம், கடிதமும் தந்தியும்தான். அதுவும் அழைக்கிறவர் நாடார் வீட்டுக் கிறிஸ்தவர், அழைக்கப்படுகிறவர்களில் பலர் தங்கள் வித்தையைப் பரம்பரைச் சொத்தாக நினைத்தவர்கள். இதையெல்லாம் சமாளித்த கையோடு மறுநாள் காலையில் வைத்தியசாலையில் நாடி பார்க்க உட்கார்ந்திருப்பார் என்று கற்பனை செய்துகொள்கிறேன். அவர்மேல் எனக்கு இருப்பது பக்தி என்று சொல்லலாம், உள்ளே பொறாமைதான்.

அவர் மட்டும் இல்லை. மியூசிக் அகாடமியின் முதல் தலைவர் யு. ராமராவ் மருத்துவர், 'ஆன்டிசெப்டிக்' என்ற மருத்துவப் பத்திரிகையை நடத்தியவர். ஆந்திரத்தில் ஸ்ரீபாத பினாகபாணி மருத்துவப் பேராசிரியராகக் கர்நூலில் பணியாற்றிக்கொண்டே நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்றவர்களுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்தார். நூறு வயதை ஒட்டி, 2013இல் மறைந்தார். இவர்கள் யாரும் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. சங்கீதம் அவர்களுக்குச் சோறு போட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அதனால் அதனிடம் கறாராக இருக்க முடிந்தது. நான் ஒரு பாட்டு நன்றாயில்லை என்று சொல்வதற்கு முன் அந்தப் பாடகருக்கு அடுத்த மாதம் எத்தனை நிகழ்ச்சி என்று மனசு கணக்குப் போடுகிறது.

என் வேலையைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இதிலும் உடம்பு இருக்கிறது. குரல்நாணில் முடிச்சு விழுந்த பாடகி, மணிக்கட்டு வீங்கிய மிருதங்கக்காரர், மானிட்டர் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று நின்று காதுக்குள் ரீங்காரத்தோடு தூங்காமல் கிடக்கிற டிரம்மர். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம், 100 டெசிபலில் கால் மணிதான் என்று அவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. பஞ்சை வைத்துக்கொள்ளாதே, முறையான காதடைப்பான் வாங்கு என்கிறேன். எஞ்சின் பக்கத்திலேயே ஆயுசெல்லாம் உட்கார்ந்து செவிடான ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்ல யாரும் இருக்கவில்லை. கலைஞர்கள் "டாக்டர் சார், தொண்டையைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று வாயைத் திறப்பார்கள். டார்ச் என் பையில் எப்போதும் இருக்கும். ஆனாலும் பார்ப்பதில்லை, காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறேன். இந்தத் தொண்டையில் என் வருமானம் இருக்கிறது. இது நன்றாயிருக்கிறது என்று எனக்கே கேட்க ஆசையிருக்கும்போது நான் எப்படி அதைப் பார்ப்பது? பெரியதாழை மாமாவின் வயிற்றில் எனக்கு அப்படி ஒரு பங்கும் இருந்ததில்லை.

ஏக்கம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. வெள்ளைக் கோட்டும் 'டாக்டர்' பட்டமும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவையும் விடாமல் புதுப்பிக்கிறேன். ஐந்து வருஷத்துக்கு 30 கிரெடிட் மணி சேர்க்க வேண்டும் என்பதால் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பைப் பற்றிய கருத்தரங்கில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் இருக்கிற இளம் டாக்டர், "சார், எங்க பிராக்டிஸ்?" என்று கேட்டால், "மியூசிக்" என்பேன். 'மியூசிக் தெரபி'யா என்று மரியாதையாகத் தலையாட்டுவார். நானும் திருத்துவதில்லை. அங்கே திரையில் இதய ஒலிகளைப் போட்டுக் காட்டுவார்கள். ஸ்பீக்கரில் அந்த உறுமல் எல்லாருக்கும் கேட்கும், முதல்வரிசைக்கும் காண்டீன்காரருக்கும். அப்படிக் கேட்பதில் எனக்கு எந்தச் சுகமும் இல்லை.

இரவு வார்டும் நினைவுக்கு வரும். சோடியம் விளக்கும் பினாயில் வாடையும், நோயாளியைவிட அதிகம் பயந்துபோய்க் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கிற சொந்தக்காரரும். மூன்று மணிக்கு எழுப்பி, "தம்பி, மூச்சு வாங்குதுய்யா" என்பார்கள். கச்சேரிக்காரர்களும் என்னை ராத்திரி மூன்று மணிக்கு எழுப்புகிறார்கள், சில சமயம் விமானம் தாமதமானதற்கு, சில சமயம் ஓட்டலில் ஏசி குளிரவில்லை என்பதற்கு. எழுந்து ஆக வேண்டியதைச் செய்கிறேன். முன்னைப்போலவே நல்லபடியாகத்தான் செய்கிறேன். செய்து முடித்த பிறகு தூக்கம் உடனே வந்துவிடுகிறது. வார்டு நாட்களில் வராது.

சமீபத்தில் ஊர்க் கமிட்டியிலிருந்து போன் வந்தது. திருவிழாக் கச்சேரிக்கு நல்ல பார்ட்டியாக ஒன்று பேசிவிட வேண்டுமாம், கூடவே ரேட்டையும் குறைத்து. சரி என்றேன். அப்படியே, "அண்ணே, மறுநாள் காலையில ஒரு மருத்துவ முகாமும் வச்சிருவமா? நானே வந்து உக்காருதேன்" என்றும் கேட்டுப் பார்த்தேன்.

அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை. "அதுக்கு சாத்தான்குளத்துல ஆசுபத்திரி கெடக்குய்யா. முகாம் போட வாரவன் போறவன் எல்லாம் வாரான். நீரு கீபோர்டுக்காரன் மட்டும் வெவரமானவனாப் பாத்துச் சொல்லும். போன வருசம் வந்தவன் பாதிப் பாட்டுல முழிச்சிட்டு நின்னான்" என்றார்.